நிலா கான்கிரீட் பெட்டி: 138 வெள்ளி கொடுத்து வாங்கி, வார்த்து, உடைத்துப் பார்த்தது

முதலில் காசுக் கணக்கு. பெட்டி 96 வெள்ளி. அமெரிக்காவிலிருந்து தபால் செலவு 31. இரண்டுக்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 138 வெள்ளி 43 காசு. பதினோராம் நாள் சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஒரு கிலோ ‘நிலா மண்’ (நிலவின் மேட்டுநில மண் மாதிரி இங்கே பூமியில் கல்லை அரைத்துக் கலந்த பொடி), 250 கிராம் கந்தகத் தூள், 50 மில்லிமீட்டர் கட்டி வார்க்க மூன்று குழி உள்ள சிலிக்கோன் அச்சு, ஒரு கண்ணாடி வெப்பமானி, ஒரு மரக்கரண்டி, எட்டுப் பக்கக் கையேடு. தண்ணீரே இல்லாமல் கான்கிரீட், நிலவில் வீடு கட்டப்போவது இப்படித்தான் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கேட்டது உயர்நிலை 2 படிக்கும் என் மகள். பள்ளியில் அறிவியல் திட்டப்பணி. ஆனால் அவள் கேட்டதற்காக மட்டும் நான் 138 வெள்ளியை எடுத்து நீட்டவில்லை. எனக்கு 19 வருஷமாகக் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை. சைட்டுக்குப் போகிற ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்துக் கட்டி போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மெஷினில் வைத்து நசுக்கி, எத்தனை நியூட்டன் தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆள். இந்த 19 வருஷமும் கந்தகத்தை எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டேன்.

எங்கள் தொழிலில் கந்தகம் என்றால் சல்பேட், அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. நிலத்தடி நீரிலோ கடல் ஓர மண்ணிலோ அது இருந்தால் கான்கிரீட்டுக்குள் ஊறிப் போய், சிமென்ட்டோடு சேர்ந்து புதுப் படிகமாகி, ஊதிப் பெருத்து, உள்ளேயிருந்தே வெடிப்பு விட வைக்கும். கழிவுநீர்க் குழாயில் இன்னும் மோசம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் மேல்வளைவில் போய் ஒட்டும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமென்ட்டைத் தின்னும். சிங்கப்பூரின் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் குழாய்களுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். அப்பேர்ப்பட்ட கந்தகத்தையே உருக்கி, சிமென்ட்டுக்குப் பதில் பசையாக வைத்துக் கட்டி வார்க்கலாம், அந்தக் கட்டியை அமிலம் தொடாது என்றால் எனக்குக் கை அரிக்காதா?

பையைப் பிரித்தேன். சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. சிமென்ட் போல வழுவழுப்பாக இல்லை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் கறகறக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடித் துணுக்கு மின்னுகிறது. இது சரியான விஷயம், பாராட்டுகிறேன். நிலவில் காற்று இல்லை, ஓடும் தண்ணீர் இல்லை. அதனால் அங்கே மணல் உருண்டு மழுங்குவதில்லை. விண்கற்கள் மோதி நொறுக்கிய கல், உருகி உறைந்த கண்ணாடி, எல்லாம் கூர்கூராகவே கிடக்கும். அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசி பட்டு மூக்கடைப்பே வந்தது. கலத்துக்குள் திரும்பிய வீரர்கள், சுட்டுமுடித்த துப்பாக்கி மருந்து வாசம் அடிப்பதாகச் சொன்னார்கள். இந்தப் பையில் எந்த வாசமும் இல்லை.

கையேட்டில் பொடியின் சேர்மானம் போட்டிருக்கிறது. முக்கால்வாசி அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறக் கல், கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் பசால்ட் என்ற எரிமலைக் கல்லின் கண்ணாடி. அனார்த்தோசைட் என்ற பெயரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கம். அங்கே சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் வரப்போரம் கிடப்பதே இந்தக் கல்தான். இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. இஸ்ரோ தன் லேண்டரையும் ரோவரையும் ஓட்டிப் பார்க்க நிலா மண் தேடியபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு எங்கள் பக்கத்துக் கல்லைத்தான் அரைத்து பெங்களூருக்கு எடுத்துப் போனார்கள். ஐம்பது டன் அளவில் போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. இந்த விவரத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“கல்லுக்கா காசு குடுத்த?”

“அரைச்சுக் குடுக்குறாங்கம்மா.”

“அரைக்கறதுக்கு ஊர்ல மில்லு இல்லியா?”

பதில் சொல்ல முடியவில்லை.

இனி உண்மையான குறைக்கு வருகிறேன். கந்தகம்தான் இந்தப் பெட்டியின் கதாநாயகன். ‘நிலவின் மண்ணிலேயே கந்தகம் இருக்கிறது’ என்று கையேடு இரண்டு இடத்தில் சொல்கிறது. ஆனால் ஒரு கிலோ நிலா மண் பையில் கந்தகத் தாது துளிகூட இல்லை. கந்தகம் தனிப் பொட்டலத்தில், பளீர் மஞ்சளாக, இங்கே பெட்ரோலிய ஆலையில் எடுத்த சரக்கு. நிலவில் அது அப்படிக் கிடக்காது. இரும்போடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து டிராய்லைட் என்ற தாதுவாக, பாறைக்குள் நுண்ணிய மணிகளாக ஒளிந்திருக்கும். அப்போலோ 11 கொண்டுவந்த டைட்டானியம் மிகுந்த கருப்புப் பாறைகளில் பத்து லட்சத்தில் சுமார் 2,000 பங்கு கந்தகம். அதாவது ஒரு டன்னில் இரண்டு கிலோ. பொதுவாக நிலா மண்ணில் அதில் பாதியோ அதற்கும் கீழோ. காசு வாங்கிக்கொண்டு ‘நிலா மண்’ என்று விற்கும்போது ஒரு சிட்டிகை இரும்புச் சல்பைடாவது கலந்திருக்க வேண்டாமா? உப்பில்லாத ஊறுகாய் மாதிரி.

மகள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். “பூமியில கந்தகம் சல்பேட்டா இருக்குன்னு சொல்றீங்க. அங்க மட்டும் ஏன்ப்பா இரும்போட இருக்கு?”

இதற்கு விடை கையேட்டில் இல்லை, என் லேபில் இருந்தது. சனிக்கிழமை அவளை அழைத்துப்போய், ஸ்லாக் சிமென்ட் போட்ட பழைய கட்டி ஒன்றை உடைத்துக் காட்டினேன். இரும்பாலைக் கசடை அரைத்துச் செய்கிற சிமென்ட் அது. உடைத்த முகம் சாம்பலாக இல்லாமல் நீலப்பச்சையாக இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் சாயம் கலந்துவிட்டோமோ என்று பயப்படுவார்கள். காற்றில் வைத்தால் கொஞ்ச நாளில் நிறம் போய்விடும். அந்த நிறத்துக்குக் காரணம் சல்பைடு. ஊது உலைக்குள் ஆக்சிஜனுக்குப் பஞ்சம். அதனால் கந்தகம் ஆக்சிஜனோடு சேராமல் உலோகத்தோடு சேர்ந்துகொள்கிறது. காற்றுப் பட்டதும் ஆக்சிஜன் ஏறி, நிறம் மங்குகிறது. நிலவும் அப்படித்தான், காற்றே படாத ஊர். பாறை உருகிக் கிடந்த காலத்திலும் ஆக்சிஜன் குறைவு, இரும்பு உலோகமாகவே இருக்கிற அளவுக்குக் குறைவு. கந்தகம் போய் இரும்பைப் பிடித்துக்கொண்டது. அவள் அந்த நீலப்பச்சைத் துண்டை போனில் படம் எடுத்துக்கொண்டாள். பெட்டியில் வந்த எட்டுப் பக்கத்தைவிட அந்த ஒரு துண்டு அவளுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

சந்திரயான்-3 பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு எரிச்சல். 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவப் பக்கம் இறங்கி, ஐந்தே நாளில், 28-ஆம் தேதி, அங்கே கந்தகம் இருப்பது உறுதி என்று இஸ்ரோ அறிவித்தது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர், லேசர் துடிப்பை மண்ணில் பாய்ச்சி, ஒரு துளி இடத்தை ஒளிரும் ஆவியாக்கி, அந்த ஒளியின் நிறங்களைப் பிரித்துப் பார்த்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் நிறக்கோடு உண்டு. கந்தகத்தின் கோடு தெரிந்தது. பிறகு எக்ஸ்-ரே கருவியும் அதையே சொன்னது. சுற்றுப்பாதையில் பறக்கும் கருவிகளால் செய்ய முடியாத வேலை இது, தரையில் நின்றுதான் செய்ய வேண்டும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். விற்பவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லைதான். ஆனாலும் ‘நிலவின் கந்தகம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு 1972-உடன் கதையை நிறுத்தினால் எப்படி?

அட, வார்த்த கதையைச் சொல்ல வேண்டும்.

கையேட்டின் 3-ஆம் பக்கம்: ‘பெரியவர்கள் துணையோடு சமையலறை அடுப்பில் செய்யலாம்.’ இந்த ஒரு வரிக்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கந்தகம் 115 டிகிரியில் உருகும், அதுவரை சாது. சூடு எக்குத்தப்பாக ஏறினால் பற்றிக்கொள்ளும். நீலச் சுடர், பகலில் கண்ணுக்கே தெரியாது. வருகிற சல்பர் டைஆக்சைடு நெஞ்சை அடைக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் நம் சமையலறை சன்னலும் பக்கத்து வீட்டு சன்னலும் கைநீட்டும் தூரம். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரப் பாட்டி இருக்கிறார். நான் மேலாளரிடம் அனுமதி வாங்கி, தார் சோதிக்கும் அறையில் புகை உறிஞ்சும் பெட்டிக்குள், முகமூடி, கண்ணாடி, கையுறையோடு செய்தேன். மகளை வெளியே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டேன்.

முதல் கட்டியைக் கையேடு சொன்னபடி போட்டேன். 60 கிராம் கந்தகம், 240 கிராம் மண். ஐந்தில் ஒரு பங்கு. கிளறும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. புட்டு மாவு பிசையும்போது தண்ணீர் போதாமல் உதிருமே, அந்த மாதிரி உதிர்ந்தது. அச்சில் போட்டு அமுக்கினேன். அடுத்த நாள் எடுத்தபோது ஒரு மூலை கையோடு வந்தது. மெஷினில் வைத்தால் 11 கிலோநியூட்டனில் நொறுங்கிப்போனது. சதுர மில்லிமீட்டருக்கு 4.4 நியூட்டன். காய்ந்த மாட்டுச் சாணிக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்.

தப்பு எங்கே என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஜல்லியும் மணலும் கலந்த கலவைக்கு 12 முதல் 20 விழுக்காடு கந்தகம் போதும். இது முழுக்க மாவுப் பொடி. பொடி நுணுகிப் போகப் போக அதன் மேற்பரப்பு கூடும், எல்லாவற்றையும் நனைக்க அவ்வளவு பசை வேண்டும். நிலா மண் மாதிரிப் பொடியோடு செய்த ஆய்வுகளில் 35 விழுக்காடு கந்தகம், 65 விழுக்காடு மண் என்றுதான் போட்டிருக்கிறார்கள். கையேடு எழுதியவர் பூமிக் கலவையின் கணக்கை அப்படியே தூக்கி நிலா மண்ணுக்கு வைத்துவிட்டார். அந்தக் கணக்குக்கே 250 கிராம் பொட்டலம் போட்டிருக்கிறார்கள். மூன்று குழி அச்சு கொடுத்துவிட்டு, ஒழுங்கான கட்டி மூன்று வார்க்க முடியாத அளவுக்குக் கந்தகம் கொடுத்தால் என்ன நியாயம்?

பற்றாக்குறைக்குத் தேக்காவில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போனேன். நூறு கிராம் கந்தகம் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சொறி சிரங்குக்கா தம்பி? தேங்காய் எண்ணெயில குழைச்சுப் போடணும்.”

“இல்லைங்க ஐயா, நிலாவுல வீடு கட்ட.”

அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, “காத்தோட்டமான இடத்துல வைங்க” என்றார். பெட்டியை விற்றவர்களைவிடப் பொறுப்பான ஆள்.

இரண்டாவது முறை 290 கிராம் கந்தகம், 538 கிராம் மண். மண்ணைத் தனியாக 140 டிகிரிக்குச் சூடாக்கினேன். ஆறிய மண்ணில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்து கட்டிதட்டும். கந்தகம் உருகியதும் தேன் நிறம், நீர் போலத் தளதளவென்று ஓடுகிறது. அப்படியே சூட்டை ஏற்றிக்கொண்டு போனால் 159 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். அதிரசப் பாகு பதம் தாண்டியது போலத் திடீரென்று இறுகிக் கருஞ்சிவப்பாகிவிடும். எட்டு எட்டாக வளையம் போட்டிருந்த கந்தக அணுக்கள் வளையம் அவிழ்ந்து நீளச் சங்கிலியாகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். சூடு கூடினால் இளகும் என்று நினைக்கிற நம் புத்திக்கு நேர் எதிர். அந்த எல்லையைத் தாண்டாமல் 130-க்கும் 145-க்கும் நடுவே பிடிக்க வேண்டும். பெட்டியோடு வந்த வெப்பமானியில் அளவுகோல் 150-உடன் முடிந்துவிடுகிறது. தாண்டினால் எவ்வளவு தாண்டினோம் என்றே தெரியாது. நான் லேப் வெப்பமானியைப் பயன்படுத்தினேன்.

அச்சில் ஊற்றி, பக்கவாட்டில் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றினேன். கால் மணி நேரத்தில் மேல்முகம் உறைந்தது; உறைந்துகொண்டே நடுவில் குழி விழுந்தது, வெந்து ஆறிய பணியாரம் அமுங்குகிற மாதிரி. கந்தகம் உறையும்போது சுருங்கும். 95 டிகிரிக்குக் கீழே படிக வடிவம் மாறி இன்னொரு தடவை சுருங்கும். அதனால்தான் இங்கே தொழிற்சாலைகளில் கந்தகக் கான்கிரீட் செய்பவர்கள் அதை அடக்க வேறு ரசாயனம் சேர்க்கிறார்கள். பெட்டியில் அது கிடையாது. குழியை மறுபடி ஊற்றி நிரப்பினேன். லேபில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவன் எட்டிப்பார்த்து, “அண்ணே, யாரு டுரியான் வெட்டினது?” என்றான். டுரியான் நாற்றத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். 2017-இல் இங்கே சிங்கப்பூர் ஆய்வாளர்கள்தான் அதன் மரபணு வரைபடத்தை வெளியிட்டு, எந்த மரபணு வேலை செய்து அந்த வாசம் வருகிறது என்று காட்டினார்கள். அவன் தெரிந்து சொன்னானா, சும்மா சொன்னானா என்று கேட்கவில்லை.

மறுநாள் ஒன்றை நசுக்கினேன். 63 கிலோநியூட்டன். சதுர மில்லிமீட்டருக்கு 25.2 நியூட்டன் பலம். ஒரே நாளில்! சிமென்ட் என்றால் 28 நாள் ஊறவைத்துக் காத்திருக்கிற எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. உடைந்த முகம் சீராக, நுண்ணிய மஞ்சள் நரம்போடு இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. நிலவில் தண்ணீர் துருவப் பள்ளங்களில் உறைபனியாகத்தான் இருக்கிறது. அதைக் குடிக்கவும் மூச்சுக்கும் எரிபொருளுக்கும் விட்டுவிட்டுக் கான்கிரீட்டுக்கு யாராவது ஊற்றுவார்களா? அந்த வகையில் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. 1988-இல் ஹூஸ்டனில் நடந்த நிலவுத்தள மாநாட்டிலேயே மூன்று பேர் நிலவின் கந்தகத்தை என்னென்னவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான டான் பெட்டிட் பின்னாளில் விண்வெளி வீரராகவே ஆகிவிட்டார்.

இன்னொரு கட்டியை ராத்திரி உறைபெட்டியில் −18 டிகிரி, பகலில் அடுப்பில் 80 டிகிரி என்று பத்து நாள் மாற்றி மாற்றி வைத்தேன். இது பெட்டியில் சொன்ன சோதனை இல்லை, என் குறும்பு. பத்தாம் நாள் நசுக்கினால் 38 கிலோநியூட்டன். 15 நியூட்டன் சொச்சம். பலத்தில் நாற்பது விழுக்காடு போயே போய்விட்டது, அதுவும் இவ்வளவு செல்லமான குளிருக்கும் சூட்டுக்கும். நாசாவில் திரவ நைட்ரஜன் அளவுக் குளிருக்கும் அறை வெப்பத்துக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது பலம் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. கந்தகமும் கல்லும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை விரிசல் விடுகிறது.

இதனால்தான் அட்டையில் போட்டிருக்கும் வாசகத்தை என்னால் விட முடியவில்லை. நிலவின் நடுக்கோட்டில் உச்சிவெயில் 120 டிகிரியைத் தொடும். கந்தகம் 115-இல் உருகும். மத்தியானம் கூரை ஒழுகும்! ராத்திரி −130-க்கும் கீழே. போதாதற்கு வெற்றிடம், கற்பூரம் கரைவது போலக் கந்தகம் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். கையேட்டில் இவை மூன்றில் ஒன்றுக்கும் இடமில்லை. துருவப் பக்கம், அதுவும் மண்ணுக்குள் புதைத்தால் கதை வேறு. சந்திரயான்-3 இறங்கிய இடத்தில் தரையின் மேல்பரப்பு 50 டிகிரிக்கு மேல் சுட்டபோது, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் −10 டிகிரி. ஒரு சாண் மண் மேலே இருந்தாலே வெயில் தெரியாது. அப்படியானால் ஏவுதளத் தரைக்கோ கூரைக்கோ இல்லை, புதைத்து வைக்கும் சுவருக்கும் அடித்தளத்துக்கும் இது சரிப்படலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுவாரசியமாக இருந்திருக்கும்.

அப்புறம் அளவு. கான்கிரீட் லாரி ஒன்று எட்டு கனமீட்டர் ஏற்றும். இந்தக் கலவையில் அது 17 டன் சொச்சம். அதில் 35 விழுக்காடு, அதாவது 6 டன், கந்தகம். ஒரு டன் நிலா மண்ணில் ஒரு கிலோ என்று தாராளமாக வைத்தாலும் ஒரு லாரிக் கலவைக்கு 6,000 டன் மண்ணை ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுக்க வேண்டும். கடைசிக் குந்துமணி வரை பிடித்தால்தான் அதுவும். கலவை ஆலைக்காரன் யாரும் இந்தக் கொட்டேஷனை ஒத்துக்கொள்ள மாட்டான்.

அப்படியானால் யோசனையே வீணா என்றால், இல்லை. இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கிற ஜூரோங் தீவைப் பாருங்கள். அங்கே யாரும் கந்தகத்துக்காகக் கச்சா எண்ணெய் காய்ச்சவில்லை. எண்ணெயில் கந்தகம் இருந்தால் பெட்ரோலும் டீசலும் கெட்டுப்போகும் என்று அதை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தது விற்பனைக்கு வருகிறது. என் மஞ்சள் பொட்டலமும் அப்படி வந்ததுதான். நிலவிலும் ஆக்சிஜனுக்காக மண்ணை வறுக்கப் போகிறார்கள். வறுத்தால் கந்தகம் வாயுவாக வெளியே வரும். விட்டுவைத்தால் ஆக்சிஜன் எடுக்கும்போது கிடைக்கிற தண்ணீரில் கலந்து கருவிகளைக் கெடுக்கும். பிடித்தே ஆக வேண்டும். வேறு வேலைக்காக வறுத்த மண்ணில் ஓசியாக வந்து குவிவதை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் கான்கிரீட் ஒரு விடை. மின்கலமும் ஒன்று: லித்தியத்தோடு கந்தகம் சேர்ந்த மின்கலம் எடைக்கு நிறைய மின்சாரம் தாங்கும். நிலவில் வெயிலே படாத கேபியஸ் பள்ளத்தில் 2009-இல் நாசா ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டபோது, எழுந்த ஆவியில் தண்ணீரோடு ஹைட்ரஜன் சல்பைடும் இருந்தது. ஆக நிழல் பள்ளத்துப் பனியை உருக்கினாலும் கந்தகம் கூடவே வரும், சாக்கடைக் குழாயில் எங்களைத் துரத்துகிற அதே வாயுவாக.

மணல் இறக்குமதி செய்கிற ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் நான் பேசுவது பொருத்தம்தான். 2007-இல் இந்தோனேசியா மணல் தர மாட்டேன் என்றபோது எங்கள் லேப்களில் நடந்த ஓட்டம் பற்றிச் சீனியர்கள் இன்றும் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. கையில் இருப்பதை வைத்துக் கலவை போடுகிற வித்தை இந்த ஊருக்குப் புதிதில்லை. சிங்கப்பூர் 2022 மார்ச்சில் நிலவு ஆய்வுக்கான ஆர்டெமிஸ் உடன்படிக்கையில் 18-ஆவது நாடாகக் கையெழுத்துப் போட்டபோது, நம் பங்குக்கு ஸ்லம்ப் சோதனை (ஈரக் கலவை எவ்வளவு இளக்கம் என்று பார்ப்பது) செய்ய ஓர் ஆளை அனுப்புவார்களா என்று லேபில் கிண்டல் ஓடியது.

கையேட்டில் இன்னொரு பிழை. 6-ஆம் பக்கத்தில் ‘நிலவின் கந்தகமும் பூமியின் கந்தகமும் ஒன்றேதான்’ என்று இருக்கிறது. நீண்டகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் தரையில் அடித்து இறக்கிய குழாயில் வந்த மண்ணை, பல பத்தாண்டு மூடி வைத்திருந்து, இப்போதுதான் ஆராய்கிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டாட்டின் குழு 2025-இல் அதிலிருந்த டிராய்லைட் மணிகளைப் பார்த்தபோது, சிலவற்றில் கந்தகம்-33 என்ற வகை பூமியில் காண்பதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. நிலவின் ஆதிகால மெல்லிய காற்றில் சூரிய ஒளி செய்த வேலையாக இருக்கலாம். அல்லது பூமியின் மேல் மோதி நிலவு பிறக்கக் காரணமான தேயா என்ற கோளின் மிச்சமாக இருக்கலாம். மகள் தன் திட்டப்பணியில் இதைச் சேர்த்தாள். அடுத்த பதிப்பில் திருத்துங்கள் என்று விற்பவர்களுக்கு எழுதிப்போட்டேன். இதுவரை தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது.

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. மண் தரம், அச்சு, தபால் எல்லாம் நன்று. கலவை விகிதம் தப்பு, சமையலறை என்று சொன்னது பெரிய தப்பு, வெப்பமானி உதவாது. பள்ளிகள் வாங்கலாம், புகை உறிஞ்சும் வசதி இருந்தால் மட்டும். வீட்டுக்கு வேண்டாம்.

மூன்று நட்சத்திரமாவது கொடுக்கக் காரணம் கடைசியாக நடந்த ஒன்று. நசுக்கிய கட்டியின் துண்டுகளைக் குப்பையில் போடப் போனேன். மகள் தடுத்தாள், “மறுபடி உருக்கினா என்னப்பா?” உருக்கினோம். 140 டிகிரியில் துண்டு எல்லாம் இளகிக் கூழாகி, அதே அச்சில், அதே கட்டி. நான் உடைத்த ஆயிரக்கணக்கான கட்டிகளில் ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்ததில்லை. அதை இன்னும் நசுக்கவில்லை, மேசையில் இருக்கிறது. பிற்பகல் வெயில் பட்டால் லேசாக வாசம் வருகிறது.

பெட்டியில் 222 கிராம் மண் மிச்சம். மகளுக்கு இன்னும் வார்க்க வேண்டுமாம். அடுத்த மாதம் என் தம்பி ஊரிலிருந்து வருகிறான். மண்ணாக வேண்டாம், கல்லாகவே கொண்டு வா, இங்கே அரைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சித்தம்பூண்டிக்குப் போய் அஞ்சு கிலோ பொறுக்கி வைத்துவிட்டானாம். ஏர்போர்ட்டில் கேட்டால் என்னவென்று சொல்வது என்று நேற்று ராத்திரி போன் போட்டுக் கேட்கிறான்.